மௌவின் கால் ஆபரேஷன்

நான் ஓய்வு பெற்ற நாற்பத்தோராம் நாள் காலையில் திரிணா தொலைபேசியில் அழைத்தாள். காளிகாட்டில் நான் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள். நிறுவனத்தின் இணையதளத்தை அடியோடு புதிதாக்குகிறார்களாம்.

"பசந்தா-தி, ஒரு டவுட். பழைய நியூஸ் ஒவ்வொண்ணுக்கும் கீழே ஒரு நம்பர் இருக்கே, அது என்ன? ஃபைல் நம்பர்னு நினைச்சு அலமாரி முழுக்கத் தேடிட்டேன். அந்த நம்பர்ல ஒரு ஃபைல்கூட இல்ல. டெலிட் பண்ணிடட்டுமா?"

"பண்ணாதே."

"ஏன்?"

என் பெயர் வசந்தா. வங்காளிகளின் வாயில் வகரம் பகரமாகிவிடும் என்பதால் அலுவலகத்தில் நான் பசந்தா. அக்கா என்ற மரியாதைக்கு ஒரு 'தி'. திரிணாவுக்கு மூன்று நிமிடத்தில் ஒரு பதில் சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனவே முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்தது ஆங்கிலக் கடிதங்களைத் தட்டச்சு செய்ய. தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது. கணினியின் பின்னாலேயே இணையதளமும் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்றபோது, பத்து விரல்களாலும் தட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அது என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஜாதவ்பூரில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள், 'பகிர்' பொத்தானை எப்படி வைப்பது. இரண்டாம் நாள், 'பின்தொடர்' பொத்தானை எப்படி வைப்பது. பகிர்ந்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்பதற்கு மூன்றாம் நாள் ஒன்று வைத்திருக்கலாம், வைக்கவில்லை. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று டைரியில் இருக்கிறது.

வேலை முறை இப்படி. காலை பத்தரை மணிக்குக் களப்பணியாளர்கள் தொலைபேசியில் சொல்வதைக் குறித்துக்கொள்வேன். பிற்பகலில் அதைச் செய்தியாக எழுதுவேன். பிறகு இரண்டு சரிபார்ப்புகள். பெயரின் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா? புகைப்படத்துக்கு வீட்டார் கையெழுத்திட்டிருக்கிறார்களா? இரண்டும் சரியென்றால் அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுப்பேன். அவர் திருத்திக் கொடுத்ததைத் தளத்தில் ஏற்றினால், அந்த நிமிடமே அது சந்தாதாரர்களின் மின்னஞ்சலுக்குப் போய்விடும். செய்தியோடை வழியாக மற்றத் தளங்களுக்கும் தானாகப் போகும். இணையத்தில் எங்கே எங்கள் பெயர் தென்பட்டாலும் எனக்குத் தகவல் வரும்படி ஓர் ஏற்பாடும் செய்து வைத்திருந்தேன். மாலை நான்கு மணிக்கு, எந்தச் செய்தியை யார், எங்கே பகிர்ந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராக டைரியில் எழுதுவேன். கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்லும்போது இது எதற்கு என்று சிரிப்பார்கள். எத்தனை பேர் என்று அது சொல்லும். யார் என்று நான் எழுதி வைத்தேன்.

டைரி தமிழில். பள்ளியில் நான் படித்தது வங்காளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து வீட்டில் அம்மா கற்றுக்கொடுத்தது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. டைரியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் மேலதிகாரியைப் பற்றியே எழுதலாம். அதனால் வங்காளம், இந்தி, ஆங்கிலம் எது காதில் விழுந்தாலும் என் கை தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொள்ளும். இதை ஒரு திறமை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்த மேலதிகாரி அனிமேஷ்-தா; அண்ணா என்ற மரியாதைக்கு ஒரு 'தா'. விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எங்களிடம் சம்பளமில்லாச் செயலாளராக வந்தவர். மூன்று மணிக்கு வருவார். எலுமிச்சைத் தேநீர் வந்த பிறகுதான் தாளைக் கையில் எடுப்பார். ஜன்னலோரம் நின்றபடி, கீழே சங்கு வளையல் கடைக்காரருக்கும் கேட்கும் குரலில் முழுச் செய்தியையும் படிப்பார். பிறகு சிவப்புப் பென்சில் இறங்கும். அதன் முதல் கோடு எப்போதும் தேதியின் மேல்.

"தேதி எதுக்கு, பசந்தா? இது என்ன மரணச் சான்றிதழா?"

"செய்தின்னா தேதி வேணாமா, அனிமேஷ்-தா?"

"தேதி போட்டா நாளைக்கே பழசு. போடாம விட்டா, படிக்கிறவனுக்கு என்னைக்கும் அது இன்னைக்கு நடந்தது."

தினமும் நான் தேதி போட்டேன். தினமும் அவர் அடித்தார். இருவருமே இதைக் கடமை என்று நம்பினோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தப் பக்கத்தை அப்படியே தருகிறேன். காலையில் வீட்டில் எழுதியது: 'ராஜு அண்ணா கால் – பிளேட் எடுக்கலாம் என்று சென்னை டாக்டர் சொன்னாராம்.' அடுத்தது: 'மின்சாரக் கட்டணம்.' பத்தரை மணிக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எங்கள் களப்பணியாளர் ஷிபானி-தி இரைச்சலுக்கு நடுவே கத்திச் சொன்னது: 'மௌ – வயது எட்டு – கால் ஆபரேஷன் – ஒன்பது மணி.' சொல்லிவிட்டு ஒரு படத்தையும் அனுப்பிவிட்டு, மகளின் பிரசவத்துக்காக அவள் மேதினிபூர் ரயிலைப் பிடித்துவிட்டாள்.

பிற்பகலில் எழுத உட்கார்ந்தேன். படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு சிறுமி. இடுப்புவரை வெள்ளைப் போர்வை. தலைமுடி இரண்டு பக்கமும் அவிழ்ந்து விழுந்திருந்தது. 'எட்டு வயது மௌவுக்குக் காலில் அறுவை சிகிச்சை' என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். பெயர் சரி. கையெழுத்து இருந்தது. உடம்பில் எந்தப் பாகம் என்பது என் சரிபார்ப்புப் பட்டியலில் இல்லை.

அனிமேஷ்-தா ஜன்னலோரம் படித்தார். முகம் மலர்ந்தது.

"இந்தப் பொண்ணுக்கு டான்ஸ் பிடிக்குமா?"

"தெரியாதே."

"எட்டு வயசு வங்காளிப் பொண்ணுக்கு டான்ஸ் பிடிக்காம இருக்குமா? எழுது."

தலைப்பை அடித்துவிட்டு, 'மௌ மீண்டும் நடப்பாளா?' என்று போட்டார். நாட்டியக் கனவு ஒரு வரி. 'அவளுக்கு இருப்பது ஓர் இரவு மட்டுமே, பகிருங்கள்' என்று இன்னொரு வரி. தேதிமேல் சிவப்புக் கோடு.

அதுவரை எங்கள் செய்திகளை அதிகம் பகிர்ந்தவர்கள் எங்கள் கமிட்டி உறுப்பினர்களின் மைத்துனிகள். மௌவின் செய்தி மூன்றே நாளில் நான் பெயர் எழுதும் வேகத்தைத் தாண்டிவிட்டது. மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் ஆறரைக்குத்தான் பேனாவை மூட முடிந்தது. பெஹாலாவிலிருந்து ஒருவர் குழந்தை அளவில் ஒரு ஜோடி ஊன்றுகோல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். ஒரு நாட்டியப் பள்ளி தன் ஆண்டு விழாவில் மௌவை மேடையில் உட்கார்த்தி வைக்க அனுமதி கேட்டது. அனிமேஷ்-தா இரண்டாவது எலுமிச்சைத் தேநீர் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, நனைந்த குடையோடு ஒருத்தி என் மேசை முன் வந்து நின்றாள். மௌவின் அம்மா ஷெஃபாலி. கையெழுத்து வாங்கிய தாளில்தான் அந்தப் பெயரை நான் பார்த்திருந்தேன்.

"தீதி, என் பொண்ணோட காலை எதுக்கு வெட்டுனீங்க?"

அவள் சொன்னது இது. அலிப்பூரில் ஒரு குடியிருப்பில் மூன்று வீடுகளில் அவள் சமையல் வேலை செய்கிறாள். பெண்ணுக்குக் காதில் ஆபரேஷன் என்று சொல்லித்தான் நான்கு நாள் விடுப்புக் கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மௌவையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மௌ வழக்கம்போல மூன்று மாடிப் படிகளையும் தடதடவென்று ஓடி இறங்கினாள். அதே நேரத்தில், மூன்றாம் மாடி போஸ்-பௌதியின் போனில் மௌ மீண்டும் நடப்பாளா என்று ஊர் உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டு எஜமானியை அண்ணி என்ற பொருளில் பௌதி என்பார்கள். அந்த பௌதி படியில் நின்று, 'திருட்டுப் பொய்க்காரி, பெத்த பெண்ணின் காலைக் காட்டி ஊரை ஏமாத்தறியா' என்றிருக்கிறாள். வருகிற ஞாயிறு குடியிருப்புச் சங்கக் கூட்டம். அதுவரை வாசலில் காவலாளி அவளை உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு. கூட்டத்தில் தீர்மானமாகிவிட்டால் மூன்று வீடும் போய்விடும். அந்த வட்டாரத்தில் நான்காவது வீடும் கிடைக்காது.

நான் பதறவில்லை. என்னிடம் டைரி இருந்தது.

"இங்க பாரு ஷெஃபாலி, உங்க ஷிபானி-தி சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். வாசிக்கறேன் கேளு: மௌ, வயசு எட்டு, கால் ஆபரேஷன், ஒன்பது மணி."

"ஆமா. சரிதானே? கால்தான். புதன்கிழமை ஒன்பது மணிக்கு."

நான் டைரியை மறுபடி பார்த்தேன். வங்காளத்தில் 'கால்' என்றால் நாளை. நேற்றுக்கும் அதே சொல்தான். எது என்பது இடத்தைப் பொறுத்தது. இந்த ஊரிலேயே பிறந்து, பால்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் நாள்தோறும் பத்து முறை சொல்கிற சொல். ஷிபானி-தி வங்காளத்தில் 'நாளை ஆபரேஷன்' என்றாள். என் கை வயதையும் மணியையும் தமிழாக்கிவிட்டு, 'கால்' என்பதை மட்டும் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டது. ஐந்து மணி நேரம் கழித்து, இரண்டு வரிக்கு மேலே அண்ணாவின் காலில் பிளேட் இருக்க, என் கண் அதைத் தமிழாகவே படித்துவிட்டது. யாரும் படிக்க முடியாதபடி எழுதுகிறேன் என்று பெருமைப்பட்ட டைரியை நானும் படிக்கவில்லை.

தமிழில் கால் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினேன். "தப்பு என்னுதுதான், ஷெஃபாலி. நாளைக்கு மாத்திடறேன்" என்றேன். வங்காளத்தில் சொன்னதால் அதிலும் ஒரு 'கால்' இருந்தது.

அனிமேஷ்-தா முழுக் கதையையும் கேட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கணினித் திரையைப் பார்த்தார். "இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு, பசந்தா. இப்ப திருத்தம் போட்டா நம்ம பேர் என்ன ஆகும்? கொஞ்சம் இறங்கட்டும். கால் பார்க்கலாம்."

புதன்கிழமை ஷெஃபாலி வந்தாள். நாளை என்றேன். வியாழக்கிழமை வந்தாள். கமிட்டித் தலைவரிடம் கேட்க வேண்டுமாம், நாளை என்றேன். வெள்ளிக்கிழமை அவள் உட்காரக்கூட இல்லை.

"தீதி, போன வாரம் ஒரு 'கால்' சொல்லி என் வேலையப் பறிச்சிட்டீங்க. இந்த வாரம் மூணு 'கால்' சொல்லிட்டீங்க. நாலு கால் ஆனா மாடு."

தளத்தின் கடவுச்சொல் டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. யாரையும் கேட்காமல் அந்தச் செய்தியை எடுத்தேன். 'கால்' என்ற இடத்தில் 'காது' என்று மாற்றிப் பார்த்தேன். காது ஆபரேஷனுக்குப் பிறகு மௌ மீண்டும் நடப்பாளா என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. முழுவதும் நீக்கிவிட்டு மூன்று வரி எழுதினேன்: 'மௌவுக்குக் காலில் எந்தக் குறையும் இல்லை. அவள் நன்றாக நடக்கிறாள். காலில் அறுவை சிகிச்சை என்று வெளியிட்டது எங்கள் தவறு.' தலைப்பில் தேதி. பொத்தானை அழுத்தினேன்.

எங்கள் தளத்தில் மட்டும் மாறியது. மின்னஞ்சலில் போனது போனதுதான். செய்தியோடையில் இழுத்துக்கொண்ட தளங்கள் பழையதையே வைத்திருந்தன. நகலெடுத்து ஒட்டியவர்களுக்கு எங்களோடு எந்தத் தொடர்பும் இல்லை. அப்போதுதான் மாலை நான்கு மணிப் பக்கங்கள் உதவிக்கு வந்தன. டைரியில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு செய்தி: ஐயா, அம்மா, நீங்கள் பகிர்ந்தது தவறு, இதோ திருத்தம், தயவுசெய்து பழையதை நீக்குங்கள். விரல் வலிக்க வலிக்க அனுப்பிவிட்டு வீடு போனேன்.

சனிக்கிழமை நான் படியேறும்போதே அனிமேஷ்-தாவின் குரல் கேட்டது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஜீனியஸ்! என்னைவிடப் பெரிய விளம்பரக்காரி நீ!"

மக்கள் என் திருத்தத்தின் இரண்டாவது வரியைப் படித்திருந்தார்கள், மூன்றாவதைப் படிக்கவில்லை. 'மௌ நடக்கிறாள்! பிரார்த்தனை வீண் போகவில்லை!' என்று அதையும் பகிரத் தொடங்கிவிட்டார்கள். ஊன்றுகோல்காரர் தொலைபேசியில் அழுதார். ஊன்றுகோலைத் திருப்பிக் கேட்கவில்லை. இனி தேவைப்படாது என்று மகிழ்ந்தார். யாருமே பழையதை நீக்கவில்லை. ஏன் நீக்க வேண்டும்? இப்போது அது முதல் பாகம் ஆகியிருந்தது. நான் வருவதற்குள் அனிமேஷ்-தா தலைப்பை 'மௌ நடக்கிறாள்' என்று மாற்றி, மூன்றாவது வரியை எடுத்துவிட்டு, தேதியையும் அடித்திருந்தார்.

ஞாயிறன்று காலை பத்து மணிக்கு ஷெஃபாலியோடு அலிப்பூருக்குப் போனேன். யோசனை அவளுடையது. "மெஷின்ல சொன்னது போதும். வந்து வாயால சொல்லுங்க" என்றாள். கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை விசிறி, சங்கத் தலைவர் கோஷால்-பாபு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மௌ ஒரு காதில் பஞ்சோடு காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நான் டைரியை நீட்டினேன். கோஷால்-பாபு கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன எழுத்து? ஜிலேபி பிழிஞ்சு வெச்ச மாதிரி!"

"தமிழ். 'கால் ஆபரேஷன்'னு எழுதியிருக்கு."

"கால் ஆபரேஷன்னா நாளைக்கு. இதுல என்ன தப்பு?" என்றார் எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடும் நாலாம் மாடிப் பெரியம்மா.

"எங்க மொழியில கால்னா" என்று தொடங்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயது நாற்பத்தேழு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. மேசையைப் பிடித்துக்கொண்டு என் வலது காலைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் காட்டினேன். "இது."

 மாஷிமா நாற்காலி குலுங்கச் சிரித்தார். "அப்போ உங்க வீட்ல கால் வலிச்சா, நாளைக்கே வலிக்குதுன்னா சொல்வீங்க?"

கோஷால்-பாபு சிரிக்கவில்லை. "ஆனா உங்க வெப்சைட்டே நேத்து 'மௌ நடக்கிறாள்'னு போட்டிருக்கே. அப்போ அதுக்கு முன்னாடி நடக்கலைன்னுதானே அர்த்தம்? நான் எதை நம்பறது?"

"வெப்சைட்டை எழுதறது நான்தான். நானே உங்க முன்னாடி நிக்கறேன்."

இது போதுமான சான்றாக அவருக்குத் தோன்றவில்லை. ஷெஃபாலி அப்போது முந்தானையில் சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு. இடது காது என்று இருந்தது. தேதியும் இருந்தது.

"இதை ஏம்மா முன்னாடியே காட்டல?" என்றார்.

"காட்டினேன் பாபு. படியிலேயே காட்டினேன். பேப்பர் யாரும் அடிச்சுக்கலாம், நெட்ல இப்படி வந்திருக்கேன்னு பௌதி சொன்னாங்க."

எல்லோரும் போஸ்-பௌதியைப் பார்த்தார்கள். அவள் தன் போனைப் பார்த்தாள்.

தீர்மானம் கைவிடப்பட்டது. இரண்டு வீடுகள் அன்று மாலையே ஷெஃபாலியை வரச் சொல்லின. போஸ்-பௌதி மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. வெளியே வரும்போது என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "எனக்கு அவமேல கோபம் இல்ல. ஆனா லண்டன்ல இருக்கற என் அக்கா வரைக்கும் நானே ஷேர் பண்ணிட்டேன். அழுதுக்கிட்டே பண்ணினேன். இப்ப தினம் இவ மூஞ்சியப் பார்த்தா எனக்கு எப்படி இருக்கும்?"

இருபத்தாறு ஆண்டுகளில் இணையத்தைப் பற்றி எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஊன்றுகோல்களில் ஒன்று அலுவலகத்தில் உயர ஜன்னலின் கொக்கியை நீக்கப் பயன்பட்டது; இன்னொன்றில் குடை மாட்டினோம். சரிபார்ப்புப் பட்டியலில் மூன்றாவதாக 'உடம்பில் எந்தப் பாகம்' என்று சேர்த்தேன். அனிமேஷ்-தாவிடம் தேதிக்காக வாதாடுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு செய்தியின் கீழும் ஓர் எண் போடத் தொடங்கினேன்: முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள், இடையில் புள்ளியோ கோடோ இல்லாமல் எட்டு இலக்கம். பார்த்தால் ஃபைல் எண் போலத் தெரிய, முன்னால் ஒரு 'கே' எழுத்து. ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்த அனிமேஷ்-தா, "ஃபைல் நம்பரா? நல்லா இருக்கு, அரசாங்கக் களை வந்திருக்கு" என்றார். கடைசிவரை அவருடைய சிவப்புப் பென்சில் அதைத் தொடவில்லை. தேதியில்லாமல் ஒரு செய்தியும் அதற்குப் பிறகு என் மேசையிலிருந்து போனதில்லை. அது அவருக்குத் தெரியாது. திரிணாவுக்கு இப்போது தெரியும்; 'கே'யை எடுத்துவிட்டு இடையில் புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மௌவின் செய்திக்கு அந்த எண் இல்லை. அது எண்ணுக்கு முந்தையது. எனவே அது இன்னும் பழசாகவில்லை. அனிமேஷ்-தா சொன்னது சரிதான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எங்கிருந்தாவது எழுந்து வருகிறது. போன வாரம் சென்னையிலிருந்து ராஜு அண்ணா அனுப்பியிருந்தார்: 'உங்க ஊர்க் குழந்தையாமே, பாவம், இன்னிக்கு ஒரு ராத்திரிதான் இருக்காம். உன்னால முடிஞ்சா பகிர்.' பிளேட் எடுத்த காலோடு அவர் இப்போது தினமும் கடற்கரையில் நடக்கிறார்.

அதை மௌவுக்கு அனுப்பி வைத்தேன். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கல்லூரியில் படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவது 'கால் மாஷி'. மாஷி என்றால் சித்தி. முன்னால் இருக்கும் 'கால்', நான் அலிப்பூரில் தூக்கிக் காட்டியதா, அல்லது அவள் அம்மாவிடம் மூன்று முறை சொன்ன நாளையா என்று நான் கேட்டதில்லை. வீட்டில் யார் வைத்த பெயர் என்பதைப் பொறுத்தது அது.

சிரிப்புச் சத்தத்தோடு குரல்செய்தி வந்தது. "கால் மாஷி, நான் இன்னும் நடக்கறேன், டான்ஸ்தான் வரல. கால் வரேன், லுச்சிப் பூரி பண்ணி வைங்க."

டைரியை எடுத்து எழுதினேன்: 'மௌ கால் வருகிறாள்.' படித்துப் பார்த்தேன். பக்கத்திலேயே தேதியைப் போட்டேன்.